வெங்கடம்மாக்கா பூட்டிய கதவு

வெங்கடம்மாக்காவை முதன்முதலாகப் பார்த்தவர்கள் எல்லோரும், அவர் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான். கெலமங்கலம் சாலையில் இருக்கும் இந்த லைன் வீட்டுக்கு நான் பர்கூரிலிருந்து குடிவந்த அன்று, சாமான் ஏற்றி வந்த டெம்போக்காரன் தெரியாத்தனமாக ஹாரன் அடித்துவிட்டான். இரண்டாவது வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். முதலில் தமிழில் கேட்டார். வண்டி கர்நாடகா வண்டி என்று தெரிந்ததும் கன்னடத்துக்கு மாறினார். கடைசியில் தன் மனம் ஆறுவதற்காகத் தெலுங்கில் முடித்தார். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான்: உள்ளே என் பிள்ளை தூங்குகிறான், உனக்கு அறிவில்லையா?

கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அக்கா பத்து வயதில் தக்காளி பறிக்கப் போனார். பதினெட்டில் கல்யாணம். இருபத்து நான்கில் கையில் ஒரு பிள்ளையோடு தனியாக நின்றார். வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், ஆறு மாதம் வந்து போய்க்கொண்டிருந்தார், பிறகு வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் ஒருமுறை கேட்டபோது, தெரிந்து என்ன செய்யப்போகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு அவரைக்காயைக் கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு ஓசூர் வந்து ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தைந்து வருஷமாக அதே வேலைதான். மதியம் இரண்டு மணிக்குப் போனால் இரவு பத்துக்கு வருவார். அங்கே தட்டுகள் உருளுகிற சத்தத்தில் கத்திக் கத்தித்தான் தன் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பார். நான் நம்பவில்லை. பிறவித் தொண்டை அது.

பிள்ளையின் பெயர் மாதேஷ். இருபத்தேழு வயது. காருக்கு உதிரிபாகம் அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி, பெரும்பாலும் நைட் ஷிப்ட். அதிர்ந்து பேசமாட்டான். அம்மா அவனுக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பகலில் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போனவன், விடியற்காலை நான்கு மணிக்கு மெஷின் முன்னால் கண்ணயர்ந்துவிட்டான். ஆள்காட்டி விரலின் நகம் போயிற்று. இன்னும் அரை அங்குலம் உள்ளே போயிருந்தால் விரலே போயிருக்கும். அன்றிலிருந்து அவனுடைய தூக்கத்துக்கு அக்கா காவல்.

காவல் என்றால் சும்மா இல்லை. காலையில் அவன் ஏழரைக்கு வருவான். களியும் கீரையும் சாப்பிட்டுப் படுப்பான். எட்டு மணிக்கு அக்கா வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டுப் போடுவார். இது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. நைட் ஷிப்ட் ஆட்கள் இருக்கிற வீடுகளில் பாதி இப்படித்தான். வெளியே பூட்டு தொங்கினால் கூரியர்காரன் தட்டமாட்டான், சீட்டுப் பணத்துக்கு வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். ஜன்னலுக்கு அட்டை ஒட்டி உள்ளே இருட்டாக்கி வைப்பார்கள். மதியம் ஒன்றரைக்கு வேலைக்குக் கிளம்பும்போதுதான் அக்கா பூட்டைத் திறப்பார்.

நான் வந்த புதிதில், உள்ளே இருக்கும் ஆளுக்கு அவசரம் என்றால் என்ன செய்வான் என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நான்தான் வாசல்லயே குந்திக்கினு இருக்கேனே. தட்டுனா தெறக்கமாட்டேனா?"

அது நியாயமாகத்தான் பட்டது. நானும் விட்டுவிட்டேன்.

போன ஆவணியில் எங்கள் வரிசைக்குப் பின்னால் இருக்கும் நாராயணப்பனின் ஒன்றரை ஏக்கர் முட்டைக்கோஸ் அப்படியே வயலில் நின்றுவிட்டது. விலை விழுந்துபோயிற்று, வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாது என்று அவர் அறுக்கவே இல்லை. அதன்மேல் நான்கு நாள் மழை. கோஸ் அழுகினால் எப்படி நாறும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். துணி காய்ந்தாலும் அந்த நாற்றம், சோற்றில் கை வைத்தாலும் அந்த நாற்றம். பத்து நாள் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தோம். மூன்றாவது வீட்டு ரங்கம்மா தினமும் பதினொரு மணிவாக்கில் கப் சாம்பிராணி ஏற்றி வாசலில் வைப்பார். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் ஏற்ற ஆரம்பித்தார்கள். பத்து நாளில் யாராவது மூக்கைச் சுளித்தால் போதும், "கோஸு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. ஒன்பது மணிக்கு எழுந்தேன். பல் துலக்க வெளியே வந்தபோதே நாற்றம் அடித்தது, வழக்கத்தைவிடக் கூடுதலாக. கோஸு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள். தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். கேஸுக்கென்று தனியாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகிய கோஸு மாதிரி ஒரு நாற்றத்தை அதில் கலக்கிறார்கள் என்று அந்த வகுப்பில் சொன்னார்கள். அழுகிய கோஸு என்று அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு டீயும் வடையும் எடுக்க வரிசையில் போய் நின்றவன்.

பத்தரை மணிக்கு அக்காவுக்குப் பொறுமை போயிற்று. பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு முட்டும், அவனுக்குத் தலைவலி வந்தால் ராத்திரி மெஷினில் யார் நிற்பது என்று தொடங்கினார். முந்தின நாள் அவன் ஜன்னல் அட்டையின் சந்துகளில்கூட பழைய துணியைத் திணித்துவிட்டுத்தான் படுத்தானாம், நாற்றம் உள்ளே வராமல் இருக்க. இன்றைக்கு நாராயணப்பனிடம் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகினார். சண்டை கைகலப்பாகிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

வயல் வீட்டுக்குப் பின்னால்தான், வேலி தாண்டினால் நூறு அடி. நாராயணப்பன் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா வேலியிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். அவர் குரல் அன்றைக்கு மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். உன் கோஸை நீயே தின்னு என்றார், உன் பம்புசெட்டில் போய்ப் படுத்துப் பார் அப்போது தெரியும் என்றார், பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். ஐந்தாறு நிமிஷம் நிறுத்தவே இல்லை. நாராயணப்பன் பொறுமைசாலி. அக்கா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து சாயந்தரமே டிராக்டர் விட்டு மடக்கி ஓட்டிட்டனே வெங்கடம்மா. கோஸு எங்க இருக்குது? நீயே பாரு."

உண்மைதான். வயல் முழுக்கப் புரட்டிப்போட்ட செம்மண். அங்கங்கே ஒரு காய்ந்த தண்டு நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈர மண் வாசனையும் லேசான புளிப்பும் இருந்தன. காலையிலிருந்து என் மூக்கைக் குடைந்த அந்த நாற்றம் அங்கே இல்லை. அக்காவும் மூச்சை இழுத்தார். திட்ட எடுத்த வாயை மூடாமலேயே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இங்க வரலியே."

அடுத்து என் வாயிலிருந்து வந்த கேள்வி எனக்கே தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. காலையில் சிலிண்டர் மாற்றினீர்களா அக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பழையது தீர்ந்துபோய், மாதேஷ்தான் ஷிப்ட் முடித்து வந்து புதுசை மாட்டினானாம். களி கிண்டி முடித்து அடுப்பை மட்டும் அணைத்திருக்கிறார். ரெகுலேட்டரை மூடவில்லை. எங்கள் வரிசையில் யாரும் மூடுவதில்லை. அது சமையல் மேடைக்கு அடியில் குனிந்து தேடுகிற இடத்தில் இருக்கிறது.

அதைவிட மோசமான இன்னொன்றை அவரே சொன்னார். போன மாதம் ரப்பர் ட்யூபை எலி கடித்துவிட்டது. புது ட்யூப் வாங்க வேண்டாம் என்று மாதேஷ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த டேப்பைச் சுற்றிவிட்டான். காற்று போகிற பைப்புக்கே அங்கே இதைத்தான் சுற்றுகிறார்கள், இது தாங்காதா என்றானாம். எங்கள் ஆட்களுக்குக் கம்பெனி டேப்பின் மேல் இருக்கும் நம்பிக்கை சாமி மேல்கூடக் கிடையாது. தண்ணீர்க் குழாய், செருப்பு, வண்டி சீட்டு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. என் வீட்டுப் பக்கெட்டிலும் அது இருக்கிறது.

ஓடினோம். நாராயணப்பன் பின்னாலேயே ஓடிவந்தார், வாயில் பீடியோடு. நான் திரும்பி அதைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் நிற்காமல் கூடவே ஓடிவந்தார்.

வேலி தாண்டி வாசலுக்கு வந்ததும் நாற்றம் காலடியில் இருந்து வந்தது. கேஸு காற்றைவிடக் கனம், தரையில்தான் பரவும். மாதேஷ் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பான். பக்கத்து வாசலில் ரங்கம்மா ஒரு கையில் கப் சாம்பிராணியும் மறு கையில் தீப்பெட்டியுமாக நின்றார். குச்சியை எடுத்தே விட்டார். அக்கா போட்ட சத்தத்தில் தீப்பெட்டி கீழே விழுந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னதும் ரங்கம்மா, மாதேஷுக்குப் போன் போட்டு எழுப்பலாமே என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன். போன் அவன் தலைமாட்டில் சார்ஜில் இருக்கும். அங்கே எந்தப் பொறியும் வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போங்கள், யாரும் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம், அங்கே போய் 108-க்கும் கேஸ் அவசர எண் 1906-க்கும் பேசுங்கள் என்றேன். அவர் போனார், நல்லவேளை.

எனக்கு அப்போது ஒரே பயம், அவன் எழுந்துவிடக் கூடாதே என்பதுதான். இருட்டு அறையில் எழுந்தவன் முதலில் செய்வது லைட் போடுவது. கதவுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச். கை தானாகவே அங்கே போகும். மீட்டர் பலகை வரிசையின் கடைசியில், என் வீட்டுக்கு அப்பால் வெளிச்சுவரில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆறு பியூஸ் கட்டைகள், எது யாருடையது என்று ஒன்றிலும் எழுதவில்லை. ஆறையும் பிடுங்கினேன். ஒவ்வொன்றும் வரும்போது ஏதோ ஒரு வீட்டில் மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அக்கா இன்னும் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார். வளையத்தில் மூன்று சாவிகள், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எது எந்தப் பூட்டுக்கு என்று பார்க்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார். நான் கேட்டுப் பார்த்தேன், தரமாட்டேன் என்றார். பூட்டிய கையாலேயே திறக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கதவில் வாயை வைத்து, மாதேஷ் எழுந்தால் லைட் போடாதே என்று நான்கைந்து முறை சொன்னேன். மின்விசிறி நின்றால் புழுக்கத்தில் எப்பேர்ப்பட்ட ஆளும் எழுந்துவிடுவான். இவன் எழவில்லை. அப்போதுதான் என் பயம் தலைகீழாக மாறியது. எழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன், எழுந்திருடா, எப்படியாவது எழுந்திருடா என்று வேண்ட ஆரம்பித்தேன்.

பூட்டு திறந்தது. அக்கா கதவைத் தள்ளினார். நான்கு விரல் அளவு திறந்து நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். ஏதோ கனமான ஒன்று தடுத்தது. சந்தில் கையை விட்டுத் தடவியவர், கையை எடுக்காமலேயே என்னைப் பார்த்தார்.

"தலை. அவந் தலைடா இது."

அவன் படுக்கிற இடம் அந்தக் கோடியில், மின்விசிறிக்கு அடியில். கதவுப் பக்கம் எப்படி வந்தான் என்று யோசிக்க நேரமில்லை. நாராயணப்பனும் நானும் கதவை மெல்ல மெல்ல நெருக்கினோம், அவனும் கதவோடு சேர்ந்து நகர்ந்தான். ஆள் நுழையும் அளவு ஆனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். ஆளுக்கு ஒரு அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். வாசலில் நிற்கவில்லை, வேலி தாண்டி வயல் வரைக்கும் இழுத்துப்போய்ப் புது உழவு மண்ணில் படுக்கவைத்தோம். நான் ஒருமுறை திரும்பிப் போனேன். மூச்சைப் பிடித்தபடி மேடைக்கு அடியில் குனிந்து ரெகுலேட்டரைத் திருகி மூடினேன், ஜன்னல் அட்டையைக் கிழித்தேன், வெளியே வந்துவிட்டேன். தைரியசாலி என்று பிறகு சொன்னார்கள். தைரியம் இல்லை. காலையிலிருந்து சும்மா இருந்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். ட்யூபில் கம்பெனி டேப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சிலிண்டர் தீரும் நிலையில் அழுத்தம் குறைந்து கிடந்தது, புதுசு முழு வேகத்தில் தள்ளியதும் விட்டுவிட்டது போல.

மாதேஷுக்கு மூச்சு இருந்தது. முகம் வெளுத்து, உதடு ஒரு மாதிரி நிறத்தில் இருந்தது. அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறினார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு அவன் கண் திறக்காமல் இருந்ததைவிடப் பயமாக இருந்தது. நாராயணப்பன் பானையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மயக்கத்தில் இருக்கிறவனுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று தானே சொல்லித் தள்ளி வைத்தார். பத்து நிமிஷம் இருக்கலாம், எனக்கு ஒரு ஷிப்ட் போலத் தெரிந்தது. அப்புறம் அவன் இருமினான். பக்கவாட்டில் புரண்டு, தின்ற களியை எல்லாம் வாந்தி எடுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வான், ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் வந்த பெண் ஊழியர் சொன்னார். அக்காவும் நானும் கூடவே ஏறினோம். வண்டி கெலமங்கலம் சாலையில் திரும்பியதும் மாதேஷ் முகத்திலிருந்த மாஸ்க்கை நகர்த்தி அம்மாவைத் தேடினான். அவன் கதவண்டை எப்படி வந்தான் என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"முழிப்பு வந்துச்சுண்ணா. தல சுத்துச்சு, நிக்க முடியல. தவழ்ந்து வந்து கதவத் தட்டுனேன்."

அக்கா நிமிர்ந்தார். எப்போது என்று கேட்டார். வாசலிலேயேதான் இருந்தேன், நகரவே இல்லையே என்றார். பிறகு, நகர்ந்தது நினைவுக்கு வந்தவராக நிறுத்திக்கொண்டார்.

"நீ தோட்டத்துல நாராயணப்பண்ணங்கூட சத்தம் போட்டுக்கினு இருந்தம்மா. உள்ள நல்லா கேட்டுச்சு. அம்மா பக்கத்துலதான் இருக்குது, வந்துரும்னு அங்கயே படுத்துக்கிட்டேன்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. ஊழியர் மாஸ்க்கைத் திரும்பப் பொருத்திவிட்டு, பேசக் கூடாது என்றார். அக்கா இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் ஒன்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தட்டியிருக்கக் கூடாதா கண்ணு."

மாதேஷ் அதற்குள் கண்ணை மூடிவிட்டான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே அவர் ஆஸ்பத்திரி வரை வந்தார்.